படிவத்தில் ‘என்/ஏ’: எங்கே எழுதலாம், எங்கே எழுதக்கூடாது – முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் ஒரு கொம்யூனிகேஷன் கடையில் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. வங்கிக் கடன், மகாபொல உதவித்தொகை, பாடசாலை அனுமதி, கடவுச்சீட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை கேட்கும் குடும்ப விவரம் என்று எதுவும் வரும். அலுவலகத்தில் இருந்து திருப்பி அனுப்பிய படிவத்தோடு வருகிறவர்களிடம் அதை வாங்கிப் பார்த்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு கட்டத்தில் ‘என்/ஏ’ (N/A) என்று எழுதியிருக்கும். கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள், தெரியாத இடமெல்லாம் அதை எழுதி நிரப்பியிருப்பார்கள்.

முதன்முதலாகத் தாமே படிவம் நிரப்புகிறவர்களுக்கும், எங்களைப் போன்ற கடைகளில் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். நேரே பேனையை எடுத்து முதல் கட்டத்தில் தொடங்குகிறவர்கள்தான் நடுவழியில் வெட்டித் திருத்துகிறார்கள்.

1. இரண்டு எழுத்து, இரண்டு பொருள்

ஆங்கில எழுத்து இரண்டு, நடுவில் ஒரு சாய்கோடு. விண்ணப்பப் படிவத்தில் இதற்கு ‘நொட் அப்ளிக்கபிள்’ என்று பொருள். அதாவது, இந்தக் கேள்வி எனக்குப் பொருந்தாது.

விலைப்பட்டியலிலும் அட்டவணையிலும் இதே எழுத்துகள் ‘நொட் அவைலபிள்’ என்ற பொருளில் வரும். சாமான் கையிருப்பில் இல்லை அல்லது தகவல் கிடைக்கவில்லை என்பது அது. கணக்கெடுப்புத் தாள்களில் சிலர் ‘விடை தரவில்லை’ என்பதற்கும் இதையே போடுவார்கள்.

நீங்கள் இரண்டாவது பொருளை நினைத்து எழுதுவீர்கள், வாசிக்கும் உத்தியோகத்தர் முதலாவதை எடுத்துக்கொள்வார். ‘என்னிடம் இல்லை’ என்று நீங்கள் சொன்னது, அவருக்கு ‘எனக்குத் தேவையில்லை’ என்று போய்ச் சேரும். ஆகவே விண்ணப்பப் படிவம் என்றால் பொருந்தாத கேள்விக்கு மட்டும் ‘என்/ஏ’. மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லில் எழுத வேண்டும். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு விதியை எப்படி நடைமுறைப்படுத்துவது என்பதுதான்.

2. பேனை எடுக்க முன்

படிவத்தை ஒரு போட்டோக் கொப்பி எடுங்கள். கொப்பியில் பென்சிலால் நிரப்பி, எல்லாம் சரி என்றான பிறகு மூலப் படிவத்தில் பேனையால் எழுதுங்கள். ஒரு தாள் கொப்பிக்குக் கொடுக்கும் காசு, முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ இரண்டாம் தரம் பஸ் ஏறும் காசைவிடக் குறைவு.

மேசையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணம் செய்தவர் என்றால் விவாகச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், காணிப் பத்திரம், குடும்பத்தில் யாராவது இறந்திருந்தாலோ காணாமற்போயிருந்தாலோ அதற்குரிய பத்திரங்கள். பத்திரம் கண்முன் இருந்தால் பாதிக் கட்டங்களில் ‘என்/ஏ’ எழுத வேண்டிய தேவையே வராது. வீட்டில் விட்டுவிட்டு வந்ததால்தான் பலர் அதை எழுதுகிறார்கள்.

அப்புறம் முதல் பக்கத்தின் மேலேயோ கடைசிப் பக்கத்தின் கீழேயோ சின்ன எழுத்தில் இருக்கும் அறிவுறுத்தலை வாசியுங்கள். பொருந்தாத இடத்தில் கோடு போடு, வெறுமையாக விடு, ‘என்/ஏ’ எழுது என்று மூன்றில் ஏதாவது ஒன்றை அதிலேயே சொல்லியிருப்பார்கள். சொல்லியிருந்தால் அதுதான் சட்டம், நான் சொல்வது அதற்குப் பிறகு.

3. கேள்விகளை நாலு வகையாகப் பிரியுங்கள்

கொப்பியில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு அடையாளம் போடுங்கள்.

முதல் வகை, பொருந்தும், விடையும் இருக்கிறது. இரண்டாவது, பொருந்தும், ஆனால் விடை பூச்சியம். மூன்றாவது, பொருந்தும், ஆனால் பத்திரமோ தகவலோ கையில் இல்லை. நாலாவது, பொருந்தவே பொருந்தாது.

நாலாவது வகைக்குத்தான் ‘என்/ஏ’. பிரித்துப் பார்த்தால், நாலாவது என்று நினைத்ததில் அரைவாசி மூன்றாவதுக்குள் போய் விழுவதைக் காண்பீர்கள்.

வகை தெரியாமல் முழித்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘என் நிலைமையில் இருக்கிற ஒருவருக்கு இந்தக் கேள்விக்கு விடை இருக்க முடியுமா?’ முடியும் என்றால் அது பொருந்தும் கேள்வி. பதினெட்டு வயது மாணவிக்குக் கணவர் பெயர் கேட்டால், கலியாணம் ஆகவில்லை, விடை இருக்க முடியாது, ‘என்/ஏ’. அதே மாணவிக்குத் தகப்பன் பெயர் கேட்டால் விடை உண்டு. அவர் உயிரோடு இருக்கிறாரா, எங்கே இருக்கிறார் என்பதெல்லாம் வேறு கேள்வி.

4. உண்மையில் பொருந்தாதவை

இதை நீட்ட வேண்டியதில்லை. கலியாணம் ஆகாதவருக்கு வாழ்க்கைத் துணையின் விவரம். முதற்தடவை கடவுச்சீட்டு எடுப்பவருக்குப் பழைய கடவுச்சீட்டு இலக்கம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அடையாள அட்டை இலக்கம். சொந்தமாக வயல் செய்பவருக்குத் தொழில் வழங்குநரின் பெயர். வேறு பெயர் எதுவும் இல்லாதவருக்கு ‘முன்னைய பெயர்’. இங்கெல்லாம் தயங்காமல் எழுதலாம்.

‘ஏற்புடையதாயின் நிரப்புக’ என்று கேள்வியிலேயே இருந்தால், அது உங்களைத்தான் கேட்கிறது, உங்களுக்கு ஏற்புடையதா என்று. இல்லை என்றால் ‘என்/ஏ’.

ஆனால் ‘பொருத்தமற்றதை வெட்டிவிடுக’ என்று இருந்தால் அங்கே ‘என்/ஏ’ எழுதக்கூடாது. திரு / திருமதி / செல்வி என்று இருக்கும் இடத்தில் உங்களுக்குரியதை விட்டு மற்ற இரண்டையும் கோடிட்டு வெட்ட வேண்டும். பக்கத்தில் ‘என்/ஏ’ எழுதினால் மூன்றும் இல்லை என்றாகிவிடும். சிரிப்பாக இருந்தாலும் இது அடிக்கடி நடக்கிறது.

5. பூச்சியம் வேறு, பொருந்தாமை வேறு

எண்ணிக்கையோ தொகையோ கேட்டால், விடை ஒன்றும் இல்லை என்றாலும் அது ஒரு விடைதான். ‘வேறு வங்கிகளில் உள்ள கடன்’ என்று கேட்டால், கடன் இல்லாதவர் ‘இல்லை’ என்று எழுத வேண்டும், ஆங்கிலப் படிவம் என்றால் ‘நில்’ (Nil). ‘தங்கி வாழ்வோர் எண்ணிக்கை’ என்றால் பூச்சியம் அல்லது ‘இல்லை’.

காரணம் சாதாரணமானது. வங்கியிலோ பிரதேச செயலகத்திலோ அந்தத் தொகைகளை எடுத்துக் கூட்டப் போகிறார்கள். ‘இல்லை’ என்றால் பூச்சியமாக வைத்துக் கூட்டிவிடலாம். ‘என்/ஏ’ என்றால், இவர் கேள்வியைத் தவிர்த்துவிட்டாரோ என்ற சந்தேகம் வரும், படிவம் ஓரமாகப் போகும்.

எங்கள் பக்கத்தில் அதிகம் பிழைக்கிற கட்டம் ‘மாத வருமானம்’. காலபோகமும் சிறுபோகமும் செய்கிற ஒருவர், ‘எனக்கு மாதம் மாதம் வராதே தம்பி’ என்று சொல்லி அதில் ‘என்/ஏ’ போடச் சொல்வார். அவர் சொல்வது உண்மை. ஆனால் படிவம் கேட்பது சம்பளத்தை அல்ல, நீங்கள் எவ்வளவு பணத்தில் வாழ்கிறீர்கள் என்பதை. இரண்டு போகத்திலும் விற்ற நெல்லின் காசில் உழவு, விதை, பசளை, வெட்டுக்கூலி எல்லாம் கழித்து, மிச்சத்தைப் பன்னிரண்டால் பிரித்து எழுதுங்கள். பக்கத்தில் ‘பருவகால விவசாய வருமானத்தின் மாதச் சராசரி’ என்று ஒரு வரி சேருங்கள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் இல்லாமல் சிறுபோகம் செய்யாத வருடம் என்றால் அதையும் அதே வரியில் சொல்லலாம். ஜீ.எஸ். (கிராம சேவகர்) வருமானத்தை உறுதிப்படுத்த வேண்டிய படிவம் என்றால், அவரிடம் சொல்லும் கணக்கும் இந்தக் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோழி, ஆடு, தையல், அப்பம் சுட்டு விற்பது போன்ற சிறு வரவுகளுக்கும் இதே முறைதான். ‘வேறு வருமானம்’ என்ற கட்டத்தில் அவற்றை எழுதுங்கள். ஒன்றுமே இல்லை என்றால் ‘இல்லை’.

6. இருந்தது, இப்போது கையில் இல்லை

வன்னியில் படிவம் நிரப்புவது மற்ற இடங்களைவிடக் கஷ்டமாவது இங்கேதான். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரப் பையே தொலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பிறப்புச் சான்றிதழ் இலக்கம் கேட்டால் ‘என்/ஏ’ எழுதிவிடுவார்கள். பிறந்த எல்லோருக்கும் பொருந்தும் கேள்வி அது.

எழுத வேண்டியது நிலைமையை. மூலப் பிரதி தொலைந்து, பதிவு இருக்கிறது என்றால் ‘மூலப் பிரதி தொலைந்துவிட்டது, உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று எழுதி, விண்ணப்பித்த பற்றுச்சீட்டின் கொப்பியை இணையுங்கள். உண்மையிலேயே விண்ணப்பித்த பிறகுதான் அப்படி எழுத வேண்டும். முதலில் பிரதேச செயலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்து இந்தப் படிவத்தைத் தொடங்குங்கள்.

பிறப்பே பதியப்படவில்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அது இருப்பவர் பிறப்புச் சான்றிதழ்க் கட்டத்தில் ‘உத்தேச வயதுச் சான்றிதழ் இல.’ என்று எழுதி அதன் இலக்கத்தைப் போட வேண்டும். கட்டம் சிறிதாக இருந்தால் ‘இணைப்பு 1 பார்க்க’ என்று எழுதித் தனித்தாளில் விளக்கலாம்.

காணிக்கும் இதே கதைதான். ‘உறுதி இலக்கம்’ என்று கேட்டவுடன், ‘எங்களுக்கு உறுதி இல்லை, பெர்மிற்தான்’ என்று சொல்லி ‘என்/ஏ’ எழுதுகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றத் திட்டக் காணிகள் பலவும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். உறுதிக் கட்டத்தில் ‘அனுமதிப்பத்திரம் இல.’ என்று எழுதி இலக்கத்தைப் போடுங்கள். பெர்மிற் தகப்பன் பெயரில் இருந்தால் அதையும் எழுதுங்கள். ‘என்/ஏ’ என்று எழுதினால் உங்களுக்குக் காணியே இல்லை என்று படிவம் சொல்லும், வீட்டுத்திட்டப் படிவத்தில் இது சின்ன விசயம் இல்லை.

வீட்டு இலக்கம் இல்லாத கிராமங்களில் அந்த வரியை வீதிப் பெயர் அல்லது காணித்துண்டு இலக்கத்தோடு தொடங்கி, கிராமம், தபாலகம், மாவட்டம் என்று போங்கள். முகவரியின் முதல் வரியில் ‘என்/ஏ’ என்று எழுதிய கடித உறையைத் தபால்காரர் கொண்டுவந்து காட்டியிருக்கிறார். யாரோ படிவத்தில் இருந்ததை அப்படியே தட்டச்சுச் செய்திருக்கிறார்கள்.

7. ஆட்களைப் பற்றிய கட்டங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். இதில் விடும் பிழை படிவம் திரும்புவதோடு நிற்பதில்லை.

இறந்தவர் என்றால் பெயர்க் கட்டத்தில் பெயர் வரும். பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர், அதன் பின் ‘காலமானார்’. தொழில் என்ற இடத்தில் ‘காலமானார்’ என்று மட்டும் எழுதலாம். முகவரிக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் மட்டும் ‘என்/ஏ’. கணவனை இழந்தவர் வாழ்க்கைத் துணையின் பெயருக்கு ‘என்/ஏ’ எழுதினால், விவாகநிலையில் ‘விதவை’ என்று போட்டதும் இதுவும் ஒன்றையொன்று வெட்டும். உத்தியோகத்தர் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பார். எல்லோருக்கும் முன்னால் அதைச் சொல்ல வேண்டிய நிலைமை தேவையில்லை.

காணாமற்போனவர் என்றால் இன்னும் கவனம். 2009இல் தகப்பன் காணாமற்போன ஒரு மாணவியின் உதவித்தொகைப் படிவத்தை எடுத்துக்கொள்வோம். தகப்பன் பெயர், தொழில், வருமானம், அடையாள அட்டை இலக்கம் என்று நாலு கட்டம். நாலிலும் ‘என்/ஏ’ எழுதிக்கொண்டு வருவார்கள். அதை வாசிக்கும் ஒருவருக்கு, இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் என்று யாரும் பதிவில் இல்லை என்றுதான் விளங்கும். இணைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழிலோ தகப்பன் பெயர் தெளிவாக இருக்கும். இரண்டும் பொருந்தாததால் படிவம் நிற்கும்.

நிரப்ப வேண்டிய விதம் இது. பெயர்: பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி. தொழில்: ‘முன்னர் கடற்றொழில், 2009 முதல் காணாமற்போனவர்’. வருமானம்: ‘இல்லை’. அடையாள அட்டை இலக்கம்: பழைய கொப்பி எங்காவது இருந்தால் அந்த இலக்கம், இல்லாவிட்டால் ‘தெரியாது’. பழைய ஒன்பது இலக்க அட்டையின் எண்ணைப் பன்னிரண்டு இலக்கமாக மாற்றி எழுத வேண்டாம். அட்டையில் இருந்தபடியே எழுதுங்கள், கடைசி எழுத்தையும் சேர்த்து. வருமானத்துக்கு ஏன் ‘இல்லை’ என்றால், உதவித்தொகையே வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பூச்சியம் என்று சொன்னால் அது உங்களுக்குச் சாதகமான தகவல், ‘என்/ஏ’ என்றால் தகவலே இல்லை.

அடுத்தது, குடும்பத்தின் கையில் என்ன பத்திரம் இருக்கிறது என்று கேளுங்கள். சிலரிடம் மரணச் சான்றிதழ் இருக்கும். சிலரிடம் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் வழியாக வந்த, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழ் இருக்கும். வேறு சிலர் இரண்டையும் எடுக்க மாட்டோம் என்று இருப்பார்கள். அவர்களிடம் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கமோ இருக்கும். படிவத்தில் எழுதும் சொல் அந்தப் பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும். மரணச் சான்றிதழை இணைத்துவிட்டு ‘காணாமற்போனவர்’ என்றோ, முறைப்பாட்டை இணைத்துவிட்டு ‘காலமானார்’ என்றோ எழுதினால் படிவம் திரும்பும்.

படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘காலமானார் என்று போடுவோம் அம்மா, சுகமாக முடியும்’ என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். அந்த அம்மா எந்தச் சொல்லைச் சொல்கிறாரோ அதை எழுதுங்கள். காணாமற்போன பிள்ளைகளுக்கும் கணவன்மாருக்கும் பதில் கேட்டு, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரியில் தொடங்கிய போராட்டத்தில் இருந்த தாய்மார் இன்றைக்கும் படிவம் நிரப்ப வருகிறார்கள்.

பிரிந்து வாழ்கிறவர்களுக்கும் இதே முறை. சட்டப்படி விவாகரத்து ஆகவில்லை என்றால் துணையின் பெயரை எழுதி ‘பிரிந்து வாழ்கிறார்’ என்று சேர்க்க வேண்டும்.

8. எழுதும் விதம்

தமிழ்ப் படிவத்தில் ‘பொருந்தாது’ என்றே எழுதலாம், எங்கள் மாவட்ட அலுவலகங்களில் அதுவே நல்லது. கொழும்புக்குப் போகும் படிவம் என்றால் ஆங்கில எழுத்தில் ‘என்/ஏ’ போடுவது வசதி, மூன்று மொழிக்காரருக்கும் விளங்கும். ஒரே படிவத்தில் ஒரு இடத்தில் அதுவும் இன்னொரு இடத்தில் இதுவும் மூன்றாவது இடத்தில் கோடும் என்று கலக்க வேண்டாம். மூன்றுக்கும் மூன்று அர்த்தம் இருக்கிறதோ என்று வாசிப்பவர் யோசிப்பார்.

பெரிய எழுத்தில், சாய்கோட்டோடு எழுதுங்கள். கோடு இல்லாமல் எழுதினால் யாருடையவோ முதலெழுத்துகள் போலத் தெரியும். கட்டத்தின் இடது பக்கத்தில் தொடங்குங்கள், நடுவில் எழுதினால் முன்னால் இடம் மிஞ்சும்.

அட்டவணையில் பத்து வரி இருந்து உங்களுக்கு இரண்டு வரிதான் தேவை என்றால், மிச்ச எட்டிலும் எழுத வேண்டியதில்லை. மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு தடவை எழுதினால் போதும். ஆனால் அந்தக் கோட்டைக் கட்டாயம் போடுங்கள். கடன் படிவத்தில் பிணையாளர், ஈடு, தவணை ஆகிய பகுதிகளை வெறுமையாக விட்டுக் கையொப்பம் வைத்துவிட்டால், பிறகு அதில் யார் எதை எழுதினாலும் அது உங்கள் கையொப்பத்துக்கு மேலே எழுதியது. நுண்கடன் படிவத்தில் கையொப்பம் வைக்கும் அக்காமார் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ‘நாங்கள் பிறகு நிரப்பிக்கொள்வோம்’ என்று சொன்னால், ‘இப்போதே நிரப்புங்கள், அல்லது கோடு போடுங்கள்’ என்று கேட்கலாம். அது மரியாதைக் குறைவு இல்லை.

வெறுமையாக விடவேண்டிய இடமும் ஒன்று உண்டு: ‘அலுவலக உபயோகத்திற்கு மட்டும்’ என்ற பகுதி. அங்கே ‘என்/ஏ’ எழுதிக் கொடுத்தால் உத்தியோகத்தருக்கு எழுத இடம் இருக்காது.

9. ஒன்லைன் படிவம்

இங்கே முதலில் ஆம் / இல்லை என்ற தெரிவுகளைத் தேடுங்கள். ‘வேறு கடவுச்சீட்டு வைத்திருக்கிறீர்களா?’ என்பதற்கு ‘இல்லை’ என்பதைத் தெரிவுசெய்தால், கீழே இருக்கும் இலக்கமும் திகதியும் பல படிவங்களில் தானாக மறைந்துவிடும். அதைச் செய்யாமல் ஒவ்வொரு கட்டமாக ‘என்/ஏ’ தட்டிக்கொண்டு போகிறவர்கள் சிவப்பு எழுத்தில் மாட்டுகிறார்கள்.

இலக்கம் மட்டும் ஏற்கும் கட்டமும் திகதிக் கட்டமும் எழுத்தை ஏற்காது. ஏற்கவில்லை என்பதற்காகப் பூச்சியங்களையோ 1900 சனவரி 1 என்றோ போட்டு ஏமாற்ற வேண்டாம். அது பொய்த் தகவலாகப் பதிவாகும். கட்டாயம் நிரப்ப வேண்டும் என்பதைக் காட்டும் நட்சத்திரக் குறி இல்லாவிட்டால் வெறுமையாக விடுங்கள். நட்சத்திரமும் இருக்கிறது, உங்களுக்குப் பொருந்தவும் இல்லை என்றால் உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கேட்பதுதான் வழி.

மின்னஞ்சல் இல்லாதவருக்கு ‘என்/ஏ’ மாதிரி ஒரு பெயரைப் போட்டு ஜிமெயில் முகவரி ஒன்றைக் கற்பனை செய்து எழுதுகிறார்கள். அந்த முகவரி உலகத்தில் யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். உங்கள் அனுமதிக் கடிதமும் கடவுச்சொல்லும் அவருக்குப் போகும். பத்து நிமிடத்தில் ஒரு மின்னஞ்சல் திறந்துவிடலாம், கடவுச்சொல்லை வங்கிப் புத்தகம் வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

குடும்பப் பெயர்க் கட்டம் இன்னொரு கண்ணி. நாங்கள் தகப்பன் பெயரை முன்னால் வைத்து எங்கள் பெயரைப் பின்னால் எழுதுகிறவர்கள், குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை. அதற்காக அதில் ‘என்/ஏ’ தட்டினால், கொம்பியூட்டருக்கு அது ஒரு பெயர். பயணச்சீட்டிலும் அட்டையிலும் அதுவே அச்சாகி வரும். கடவுச்சீட்டில் எந்தப் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ அதை அப்படியே பார்த்துத் தட்டுங்கள்.

10. வெளிநாட்டுப் படிவங்கள்

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு பழக்கம். அமெரிக்கக் குடிவரவுப் படிவங்களின் அறிவுறுத்தல் மேலே நான் சொன்ன வித்தியாசத்தை நேரடியாகவே சொல்கிறது: பொருந்தாத கேள்விக்கு ‘என்/ஏ’, எண்ணிக்கை கேட்டு விடை பூச்சியம் என்றால் ‘நன்’ (None). 2019இன் கடைசிப் பகுதியில் இருந்து சில காலம் புகலிட விண்ணப்பங்களில் ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலே திருப்பி அனுப்பினார்கள். அந்த நடைமுறை 2021இல் கைவிடப்பட்டாலும், வெறுமையாக விடாத பழக்கம் நல்லது.

அமெரிக்க விசாவுக்கான ஒன்லைன் படிவத்தின் பெயர் டி.எஸ்-160. எங்கள் டி.எஸ். ஒபிசுக்கும் (பிரதேச செயலகத்துக்கும்) இதற்கும் சம்பந்தமில்லை, கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் பல கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘பொருந்தாது’ என்று அடையாளமிடும் சின்னப் பெட்டி இருக்கும். கட்டத்தில் ‘என்/ஏ’ என்று தட்டாமல் அந்தப் பெட்டியை அடையாளமிடுங்கள்.

கனடாவின் குடும்ப விவரப் படிவத்தில் இறந்த பெற்றோரையும் எழுத வேண்டும். முகவரிக் கட்டத்தில் இறந்துவிட்டார் என்பதையும் இடத்தையும் திகதியையும் எழுதுவது முறை. ‘அம்மாதான் இல்லையே’ என்று வரியையே ‘என்/ஏ’ ஆக்கிவிட்டால், பிறகு பிறப்புச் சான்றிதழைப் பார்க்கும்போது நீங்கள் ஆளை மறைத்ததாகத் தோன்றும்.

11. எக்செல் தாளில்

சங்கக் கணக்கும் பயனாளிப் பட்டியலும் இப்போது எக்செலில் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு ‘என்/ஏ’ உண்டு. நீங்கள் தட்டுவது ஒன்று, ஹாஷ் குறியை முன்னால் போட்டுக்கொண்டு எக்செல் தானாகக் காட்டுவது மற்றது.

நீங்கள் தட்டியது வெறும் எழுத்து. கூட்டல் செயற்பாடான ‘சம்’ அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் நிரம்பிய கட்டங்களை எண்ணும் ‘கவுண்ட்ஏ’ அதையும் ஒரு விடையாக எண்ணிவிடும். ஆகவே எத்தனை பேர் தொலைபேசி இலக்கம் தந்தார்கள் என்ற எண்ணிக்கை உண்மையைவிடக் கூடுதலாக வரும். பட்டியலில் ‘பொருந்தாது’, ‘தரவில்லை’ என்று இரண்டு வேறு சொற்களை வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை வராது, வடிகட்டிப் பார்க்கலாம்.

ஹாஷ் குறியோடு வருவது, தேடியது கிடைக்கவில்லை என்று எக்செல் சொல்வது. பெரும்பாலும், இன்னொரு பட்டியலில் தேடி எடுக்கும் ‘வீலுக்அப்’ செயற்பாட்டைப் போட்ட இடத்தில் வரும். ஒரு கட்டத்தில் வந்தாலும் அந்த நிரலின் கூட்டுத்தொகையும் அதாகவே மாறிவிடும். ஆள் பட்டியலில் இல்லை என்று முடிவெடுக்க முன், அடையாள அட்டை நிரலைப் பாருங்கள். பன்னிரண்டு இலக்க எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் தட்டினால் எக்செல் அதைத் தொகையாக எடுத்துக்கொண்டு, நடுவில் ஆங்கில ‘ஈ’ (E) போட்ட சுருக்க வடிவில் காட்டும். மற்றத் தாளில் அதே இலக்கம் எழுத்தாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. தட்டத் தொடங்க முன்பே நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிடுங்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடமும் இதே வேலையைச் செய்யும், ‘ட்ரிம்’ அதை நீக்கும்.

அதன் பிறகும் மிஞ்சுவதற்கு, 2013 பதிப்பில் இருந்து உள்ள ‘இஃப்என்ஏ’ செயற்பாட்டைப் போட்டு ‘பட்டியலில் இல்லை’ என்று வரச் செய்யலாம். ‘இஃப்எரர்’ வேண்டாம், அது உங்கள் சூத்திரத்தில் உள்ள வேறு பிழைகளையும் சேர்த்து மறைத்துவிடும்.

12. கொடுக்க முன் ஒரு தடவை

நிரப்பிய படிவத்தில் ‘என்/ஏ’ உள்ள இடங்களை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டு வாசியுங்கள். ஒவ்வொன்றையும் ‘இது எனக்குப் பொருந்தாது’ என்ற முழு வசனமாக்கி வாயால் சொல்லிப் பாருங்கள். ‘தகப்பன் பெயர் எனக்குப் பொருந்தாது’, ‘பிறப்புச் சான்றிதழ் எனக்குப் பொருந்தாது’ என்று வந்தால் காதுக்கே பிடிபடும்.

மாற்ற வேண்டியிருந்தால் வைட்னர் பூச வேண்டாம். ஒரு கோட்டால் வெட்டி, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் வையுங்கள். வைட்னர் பூசிய படிவத்தை ஏற்காத இடங்கள் உண்டு. கடைசியாக, நிரப்பி முடித்த படிவத்தையும் ஒரு கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவர்கள் தொலைபேசியில் கேள்வி கேட்கும்போது நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று பார்த்துப் பதில் சொல்லலாம்.